மைனஸ் 2.5: யாருடைய எலும்போடு ஒப்பிட்டார்கள்?

லவ்டேல் பக்கம் இலவச எலும்பு அடர்த்தி முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினால் போதும், கொழுந்து பறிக்கும் அக்காமார் முதல் ஓய்வுபெற்ற வாத்தியார் வரை வரிசையில் நிற்பார்கள். குதிகாலைக் கருவிக்குள் வைத்துக் கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்துவிடும். அதில் மைனஸ் 2.5 என்று இருந்தால், பரிசோதனை இலவசம், கால்சியம் டப்பா மட்டும் காசுக்கு என்று ஆகிவிடுவதும் உண்டு.

எலும்புப்புரைக்கு உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அந்த மைனஸ் 2.5 எல்லை, இடுப்பு, முதுகெலும்பு போன்ற இடங்களில் டெக்ஸா வகை ஸ்கேன் காட்டும் அளவுக்கு உரியது. குதிகால் அல்ட்ராசவுண்டுக்கு அதை அப்படியே பொருத்தினால் இல்லாத எலும்புப்புரையை இருப்பதாகச் சொல்லிவிட வாய்ப்புண்டு, இருப்பதும் தப்பிவிடலாம். சீட்டை நம்பி மாத்திரை தொடங்காதீர்கள். மருத்துவரிடம் காட்டி, டெக்ஸா தேவையா என்று கேளுங்கள். யாருடைய எலும்போடு ஒப்பிட்டு இந்த எண் வந்தது என்றும் கேளுங்கள். பல கருவிகளில் இருப்பது மேலைநாட்டு வெள்ளைக்காரப் பெண்களின் அளவு. இந்தியர்களுக்கான அளவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2010இல்தான் தொகுத்தது.

எலும்பு நோய்களை ஒரு நாடு எவ்வளவு ஆராய்ந்திருக்கிறது என்ற கணக்கு நம்மைத் தொடுவது, யாருடைய எலும்பு என்ற இந்தக் கேள்வியில்தான். ஸ்கோபஸ், பப்மெட் போன்ற தரவுத்தளங்களில் சில சொற்களைத் தேடி, கட்டுரையாளரின் நிறுவன முகவரியை வைத்து நாடுவாரியாகக் கட்டுரைகளை எண்ணுவார்கள். 'ஆஸ்டியோபோரோசிஸ்' (எலும்புப்புரை) என்று மட்டும் தேடினால் நமக்கே உரிய ஆய்வுகள் பல விட்டுப்போகலாம். குடிநீரிலிருந்த ஃபுளோரைடால் முதுகு இறுகி, குனிய முடியாமல் போனவர்களைப் பற்றி அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலிருந்து ஷார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1937இல் எழுதினார்கள். பின்னர் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் முட்டி உள்நோக்கி வளைந்த இளையோரைப் பற்றி 1973இல் 'லான்செட்'டில் எழுதியது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்த நிறுவனம் பிறந்ததே இந்த நீலகிரி மலையில்தான். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கினார், 1958இல் ஹைதராபாத் போனது.

முகவரிக் கணக்கில் இன்னொரு கோளாறு. ரத்தம் நீலகிரியில் எடுத்தது, கட்டுரை எழுதியவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் என்றால், பெயர் அந்த நாட்டுக்கே போகும். கட்டுரைகள் பெருகின என்று மகிழ்வதற்கு முன் யாருடைய எலும்பை அளந்தார்கள் என்று பார்ப்பதே முறை என்பேன். மூடுபனியிலும் ஸ்வெட்டர், குல்லாவுக்குள்ளும் வெயில் படாமல் இருக்கும் உடம்பையும், சரிவில் கொழுந்து சுமக்கும் முதுகையும் சமவெளி மருத்துவமனை நோயாளியை வைத்துக் கணிக்க முடியாது.

ஆகவே ஆய்வுக்கு என்று ரத்தமோ தகவலோ கேட்டால் மறுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். விளக்கத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவை எப்படித் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கக் கூடாது. புது மருந்துச் சோதனை என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன.

சிகிச்சை எடுத்த இடத்தில் உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. எழுத்தில் கேளுங்கள். முகாமில் முழுக்க இலவசமாக நடந்த பரிசோதனையை வைத்து நுகர்வோர் வழக்குப் போடுவது கடினம், காசு கொடுத்து வாங்கிய கால்சியம் டப்பாவுக்கு அப்படியில்லை. பில்லை மட்டும் வாங்காமல் வந்துவிடாதீர்கள். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.