உள்ளுக்குப் போக இன்னொரு வழி

இந்தக் கிழமை எபிசோட்டில லினக்ஸ் நெற்வேர்க் பிரச்சினைகளைப் பற்றிக் கதைச்சம். அதில ஒரு வசனத்தை அவசரமாச் சொல்லிப்போட்டுப் போயிட்டம்: "செற்றிங்கில கை வைக்க முதல், உள்ளுக்குப் போக இன்னொரு வழி இருக்கோ எண்டு பாருங்கோ." அது ஏன் அவ்வளவு முக்கியம் எண்டதுக்கு உதாரணம் தேடித் தூரப் போகத் தேவையில்லை. எங்கட ரொறன்ரோவிலேயே இருக்குது.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. விடிய 5 மணிக்கு முன்னமே ரோஜர்ஸ் நெற்வேர்க் கனடா முழுக்க விழுந்தது. 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். செல்போன், வீட்டு இன்ரர்நெற், வீட்டுப் போன் எல்லாம் ஒரேயடியாக நின்றன. இன்ரராக் டெபிட்டும் ஈ-ட்ரான்ஸ்ஃபரும் வேலை செய்யவில்லை. ஸ்காபரோவில் வளர்ந்த த வீக்கெண்ட் அன்றிரவு ரோஜர்ஸ் சென்ரரில் பாட இருந்த நிகழ்ச்சி தள்ளிப்போனது. இவற்றையெல்லாம் விடப் பாரதூரமானது, பலரால் 911-ஐ அழைக்க முடியாமல் போனது.

காரணம் என்ன? சிஆர்ரிசி கேட்டுக்கொண்டபடி ஸோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் சுருக்கம் 2024-இல் வெளியானது. 7 கட்டங்களாகச் செய்யத் திட்டமிட்டிருந்த ஒரு அப்கிரேட்டின் 6-ஆம் கட்டத்தில், விநியோக ரவுட்டரின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி விதியை நீக்கினார்கள். தடுப்பு போனதும் அளவுக்கு மிஞ்சிய ரூட் தகவல்கள் கோர் ரவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. அந்தச் சுமையைத் தாங்காமல் அவை விழுந்தன. தொடக்கத்தில் இந்த வேலையை ஆபத்துக் கூடியது என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். முதல் கட்டங்கள் பிரச்சினையில்லாமல் முடிந்ததால் அந்த மதிப்பீடு குறைக்கப்பட்டிருந்தது.

எனக்கு இதில முக்கியமாப் படுகிறது, அதற்குப் பிறகு நடந்தது. ரவுட்டர்களைத் தூர இருந்து நிர்வகிக்கும் நெற்வேர்க்கும் அதே கோர் நெற்வேர்க்கின் மேல்தான் ஓடியது. கோர் விழுந்ததும் திருத்தப் போகிற பாதையும் சேர்ந்தே விழுந்தது. எரர் லொக்கைப் பார்க்க முடியாததால் சரியான காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணித்தியாலம் பிடித்தது. ஊழியர்களின் போன்களும் அதே நெற்வேர்க்கில் இருந்தன. ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்கே வேறு நிறுவனங்களின் சிம் காட்டுகளை அனுப்ப வேண்டி வந்தது.

இன்னொரு விஷயமும் நடந்தது. செல் கோபுரங்கள் சிக்னலை விட்டுக்கொண்டே இருந்தன. அதனால் பல போன்கள் தங்கட நெற்வேர்க் இருக்குது எண்டு நினைச்சு, 911-க்கு வேறு நிறுவனத்தின் நெற்வேர்க்கைத் தேடிப் போகவில்லை. சிக்னல் கோடு இருந்தது, பாதை இல்லை.

உங்கட லினக்ஸ் மெஷினிலையும் கதை இதுதான். வைஃபை கோடு முழுசா இருக்கும், ஒண்டும் திறக்காது. உடனே ஏதாவதொரு பைலைத் திறந்து மாத்தத் தொடங்காதேங்கோ. கீழ இருந்து மேல ஒவ்வொரு படியாக் கேளுங்கோ.

முதலாவது, "ஐபி லிங்க்". "நோ-கரியர்" எண்டு வந்தால் கேபிளைப் பாருங்கோ. இரண்டாவது, "ஐபி அட்ரஸ்". 169.254 எண்டு தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரேல்லை. மூன்றாவது, "ஐபி ரூட்". "டிஃபோல்ட்" எண்டு ஒரு வரி இல்லாட்டி வெளியில போக வாசல் இல்லை. பிறகு பிங்: முதல் ரவுட்டருக்கு, அடுத்து 1.1.1.1-க்கு, கடைசியா ஒரு பெயருக்கு. எண்ணுக்குப் போகுது, பெயருக்குப் போகேல்லை எண்டால் பிரச்சினை டிஎன்எஸ்ஸில. உபுண்டுவில "ரிசால்வ் கொன்ஃப்" பைலில 127.0.0.53 எண்டு இருந்தால் பயந்து அழிக்க வேண்டாம். அது சிஸ்டம்டீ வைச்சிருக்கிற உள்ளூர் இடைத்தரகர். உண்மையான சேர்வர் எது எண்டு "ரிசால்வ்கண்ட்ரோல் ஸ்டேட்டஸ்" சொல்லும்.

இவ்வளவும் பார்க்கிற வேலைதான். ஒண்டையும் மாத்தேல்லை, அதால ஒண்டும் உடையாது. ஆபத்து மாத்தேக்கதான் வரும். அதுவும் எஸ்எஸ்எச் வழியாத் தூர இருந்து மாத்தினால், நீங்கள் நிக்கிற கொப்பையே வெட்டுறமாதிரி.

அதுக்குத்தான் இந்தப் பழக்கங்கள். உபுண்டு சேர்வரில "நெற்பிளான் அப்ளை"க்குப் பதிலா "நெற்பிளான் ட்ரை" அடியுங்கோ. 120 செக்கனுக்குள்ள நீங்கள் என்டர் அடிச்சு உறுதி செய்யாட்டி, அது தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். "ஐபி" கட்டளையால செய்யிற மாற்றம் ரீபூட்டோட போயிடும். அதால முதல் 10 நிமிஷத்தில ரீபூட் ஆகச் சொல்லி வைச்சிட்டு மாத்திப் பாருங்கோ. சரிவந்தால் ரீபூட்டை ரத்துச் செய்யலாம். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலைப் போட முதல் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி குடுங்கோ. புது அமைப்பில இன்னொரு விண்டோவால உள்ளுக்குப் போய்ப் பார்க்கும்வரைக்கும் பழைய செஷனை மூட வேண்டாம்.

நான் கொன்ட்ராக்ற் வேலைக்குப் போற இடங்களில முதல் நாளே கேக்கிற கேள்வியும் இதுதான்: "இந்த நெற்வேர்க் விழுந்தால் எதால உள்ளுக்குப் போவீங்கள்?" விபிஎன் எண்டு பதில் வந்தால், அந்த விபிஎன் எதில ஓடுது எண்டு கேப்பன். அநேகமா அதே ரவுட்டரிலதான் ஓடும். கிளவுட் சேர்வர் எண்டால் நிறுவனத்தின்ர வெப் கொன்சோல் இருக்குதோ, அதின்ர பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்குது எண்டு முதலே பார்த்து வைக்கவேணும். ரோஜர்ஸும் அதுக்குப் பிறகு நிர்வாக நெற்வேர்க்கைத் தனியாப் பிரிச்சது.

எங்களில கனபேர்தான் வீட்டின்ர ஐரி டிபார்ட்மென்ட். அதால இந்தக் கேள்வியை வீட்டிலையும் கேளுங்கோ. விலை குறையுது எண்டு அம்மா அப்பாவின்ர இன்ரர்நெற், வீட்டுப் போன், எல்லாற்றை செல்போனும் ஒரே கொம்பனியில கிடக்குதோ? அப்ப ஒண்டு விழுந்தால் எல்லாம் விழும். வீட்டில ஒராளின்ர போனையாவது வேற நெற்வேர்க்குக்கு மாத்துங்கோ. வேற பெயரில விக்கிற மலிவான பிளானும் அதே நெற்வேர்க்கில ஓடலாம், பார்த்து எடுங்கோ. கொஞ்சக் காசையும் கையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. இரவு 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு நோ எண்டால், 911 எடுக்க வேலை செய்யிற ஒரு போன் அந்த வீட்டில இருக்கவேணும்.