குறத்தி நாள் குறிப்பதில்லை

குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்த ஓர் ஆடி ஞாயிறு. பேரருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கடைத்தெருவுக்கு வந்தால், நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற கடைக்கு எதிரே ஒரு பெரியவர் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வருகை பற்றிய நோட்டீஸ். நாலைந்து வசன எண்கள், தானியேல் புத்தகத்திலிருந்து ஒரு கணக்கு, அடியில் ஒரு வருஷம். அச்சான வருஷத்தின் மேல் பேனாவால் கோடு கிழித்து, பக்கத்தில் வேறு வருஷம் எழுதியிருந்தது. எனக்குக் கொடுத்ததில் மட்டுமல்ல, அவர் கையிலிருந்த கட்டு முழுவதும் அப்படித்தான். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார். ஈரக் கையில் வாங்கியதால் பேனா மை மட்டும் கரைந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது.

தீர்க்கதரிசனங்களை ஒவ்வொரு மதமும் எப்படி வாசிக்கிறது என்று எழுதச் சொன்னபோது அந்த மைதான் முதலில் ஞாபகம் வந்தது. அடுத்து வந்தது மேலகரம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். கதை எல்லோருக்கும் தெரியும். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, குற்றாலத்துச் சிவனான திரிகூடநாதர் உலா வருவதைப் பார்த்து மனம் கொடுத்து விடுகிறாள். காத்திருக்கிறாள். குறத்தி வருகிறாள், கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். வரப்போகிறவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, அவனுக்கு அடையாளம் சொல்ல இன்னொருத்தி. தீர்க்கதரிசனம் என்று வேதங்கள் சொல்வதன் அமைப்பு முழுவதும் இந்த இரண்டு பெண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் இருநூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டார். அவருடைய பெத்தலகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி, தலைவன் பெத்லகேம் நாதர். சீயோனின் மகளாகிய திருச்சபை மேசியாவுக்காக ஏங்குகிறது. குறத்தி வந்து குறி சொல்கிறாள். இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் மலைக்குறத்தியின் குரலில் பேசுகிறார்கள். நூலின் பெயரே ஒரு தீர்க்கதரிசன வாசிப்புதான். ஆளப்போகிறவர் பெத்லகேமிலிருந்து வருவார் என்று மீகா சொன்னதை யூதர்கள் தாவீதின் வம்சத்தில் இனி வரப்போகும் அரசனைப் பற்றியது என்று வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது மாட்டுத் தொழுவத்தில் நிறைவேறிவிட்டது. சாஸ்திரியார் இந்த வழக்கை வாதமாக நடத்தவில்லை. ஒரு பெண்ணின் ஏக்கமாகப் பாடினார். அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

வாதம் எங்கே பிறக்கிறது? பல நேரம் ஒரே ஒரு சொல்லில். ஏசாயா 7-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் இருக்கிற சொல் ‘அல்மா’. இளம்பெண் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் அங்கே ‘பார்த்தெனோஸ்’ என்று போட்டார்கள். அது கன்னி. மத்தேயு கிரேக்கத்திலிருந்து எடுத்து எழுதினார். நம் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் வாசிக்கிற பழைய பைபிளில் ‘கன்னிகை’ என்றிருக்கும். 1990-களில் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஏசாயாவில் ‘இளம்பெண்’, மத்தேயுவில் ‘கன்னி’. சுரண்டைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். பழையதில் அந்த வசனத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. புதியதில் அந்தப் பக்கத்தையே யாரும் புரட்டின அடையாளம் இல்லை. யூதர்களின் பார்வையில் அந்தப் பிள்ளை ஆகாஸ் ராஜாவின் காலத்திலேயே பிறந்த பிள்ளை. ஏசாயா 53-இலும் அப்படித்தான். பாடுபடும் அந்த ஊழியன் யார்? 11-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ராஷி, அது இஸ்ரவேல் ஜனம் என்றார். பெரிய வெள்ளிக்கிழமை நம் ஊர்க் கோயிலில் அதை வாசிக்கும்போது அழாத பாட்டிமார் கிடையாது. அவர்களுக்கு அது சிலுவை.

மேசியா என்ற சொல்லுக்கே எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்றுதான் பொருள். இதைக் குற்றாலத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிற ஊர் இது. அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்துக் குறுக்கிச் சிவலிங்கம் ஆக்கினார், அந்தத் தலைவலிக்குத்தான் தைலம் என்பது தலபுராணம் சொல்கிற கதை. ஒரே மூர்த்தி, இரண்டு வாசிப்பு. கதையை எந்தப் பக்கத்தவர் சொன்னாலும் தைலம் நிற்பதில்லை.

முஸ்லிம்களின் வாசிப்புக்கு வருவோம். தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் என்று இந்த மாவட்டத்தில் அவர்களில்லாத வட்டாரம் குறைவு. குர்ஆன் ஈஸா நபியை ‘மஸீஹ்’ என்றே அழைக்கிறது என்பது நம் கிறிஸ்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. உபாகமம் 18-இல் மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி எழும்புவார் என்று வருகிறதே, அவர் யார்? இயேசு என்பது சபையின் பதில். சகோதரர் மத்தியிலிருந்து என்றால் இஸ்மாயீலின் வழி, ஆகவே முஹம்மது நபி என்பது ஆலிம்களின் பதில். மோசேக்குப் பின் வரிசையாக வந்த தீர்க்கதரிசிகள் எல்லோரும் என்பது ரபிகளின் பதில். யோவான் சுவிசேஷத்தில் ‘தேற்றரவாளன்’ என்று நம் பைபிள் சொல்கிறவரைப் பரிசுத்த ஆவி என்று ஒருவர் வாசிக்க, அஹ்மத் என்று பெயர் சொல்லி வரப்போகிறவரை ஈஸா நபி அறிவித்ததாகக் குர்ஆனின் 61-ஆவது சூரா சொல்வதோடு இன்னொருவர் சேர்த்து வாசிக்கிறார். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் புகைறா கண்ட படலம் என்றே ஒரு படலம் உண்டு. முந்தைய வேதம் படித்த ஒரு துறவி, வணிகர் கூட்டத்தோடு வந்த சிறுவரைப் பார்த்து, வரவேண்டியவர் இவரே என்று அடையாளம் கண்டுகொள்ளும் கதை. இங்கேயும் குறத்தி செய்கிற அதே வேலை. அடையாளம் சொல்வது.

அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல் தாங்கலுக்குப் போனால் கேள்வியே மாறிவிடுகிறது. வருவாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, வந்தாச்சு. 1809-இல் சாமித்தோப்பில் பிறந்து, 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்து வந்தவர் அய்யா என்பது அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை. பனையேறியும் இடுப்புக்கு மேல் துணி போட உரிமையில்லாமலும் கிடந்த ஜனத்தைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர். திருவிதாங்கூர் அரசு சிறையில் வைத்தது. 1851-ல் வைகுண்டம் போனார். இனி வரவேண்டியது தர்மயுகம். திருஏடு வாசிப்பில் கலி அழிகிற கட்டம் வரும்போது பெண்கள் குலவையிடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது பழங்கதை வாசிப்பு அல்ல, நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே கேட்பது. அதே காலத்து லண்டன் மிஷன் பாதிரிமார் இந்த இயக்கத்தைத் தங்கள் வேலைக்குத் தடையாகத்தான் பார்த்தார்கள். சுவிசேஷத்திலிருந்து எடுத்தது என்பார் உண்டு, கல்கி அவதாரம் என்பார் உண்டு. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பள்ளியறையில் சிலை வைக்காமல் கண்ணாடி வைத்த ஒரு வழிக்கு அதன் சொந்த வாசிப்பு இருக்கிறது.

இவ்வளவு வாசிப்புகள் ஒரே வட்டாரத்தில், ஒரே மினிபஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகின்றன. அடையாளம் பற்றிய சண்டையால் இங்கே குடும்பம் அழிந்ததை நான் பார்த்ததில்லை. தேதியால் அழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1860-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபையில் பெரிய எழுப்புதல் உண்டானது. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், கிறிஸ்துவின் வருகை சமீபம் என்று போதித்த மிஷனரி கிரோவ்ஸோடு இருந்தவர். ஜனம் அழுதது, பாவத்தை அறிக்கையிட்டது, அந்நிய பாஷையில் பேசியது. அந்த அலை மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் ஜோசப்பின் கூட்டத்தார் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். அவர் எழுதிய பாட்டுகள் இன்றைக்கும் கேரளக் கோயில்களில் கேட்கின்றன. 1881 வந்து போனது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடிய வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு. 1666-இல் சபத்தாய் ஸ்வியை மேசியா என்று நம்பிய யூதர்கள் சொத்தை விற்று மூட்டை கட்டினார்கள்.

என் அத்தை 1999-இல் மூட்டை கட்டவில்லை. ஃபீஸ் கட்டவில்லை. ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன ஊர். உபவாசக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் 2000 பிறக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். மூத்தவளுக்கு அந்த வருஷம்தான் டீச்சர் டிரெய்னிங் சீட்டு கிடைத்திருந்தது. “வருசம் முடியுமுன்ன வந்துருவாரு, அதுக்கு எதுக்குப் படிப்பு?” என்று அத்தை சேர்க்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. டிசம்பர் 31 ராத்திரி வாட்ச்நைட் ஆராதனையில் தலைமேல் முக்காட்டோடு முழங்காலில் நின்றாள். மணி பன்னிரண்டு அடித்தது. வெளியே பிள்ளைகள் வெடி போட்டன. அவள் எழுந்திருக்கவே இல்லை, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம்.

மூத்தவளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். இலை நனைப்பதிலிருந்து கட்டுப் போடுவதுவரை கை தானாக ஓடும். யாரிடமும் அவளுக்குக் கோபமில்லை. எனக்குத்தான் இருக்கிறது.

இதை எந்த வேதமும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார், குமாரனும் அறியார் என்ற பொருளில் மாற்கு 13-இல் இயேசுவே சொல்கிறார். இறுதி நாளின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே என்கிறது குர்ஆனின் 7-ஆவது சூரா. முடிவைக் கணக்கிடுகிறவர்களைத் தல்மூத் சபிக்கவே செய்கிறது. யார் வருவார் என்பதில் ஒத்துப்போகாத மூன்று வேதக்காரர்களும் நாள் குறிக்காதே என்பதில் ஒரே குரலில் பேசுகிறார்கள். கலியுகத்துக்கு 4,32,000 வருஷம் என்று வைத்த நம் புராணக்காரர்களும் ஒருவகையில் அதையே செய்தார்கள். எவரும் தன் ஆயுளுக்குள் எண்ணி முடிக்க முடியாத எண்ணாகப் பார்த்து வைத்தார்கள்.

சமீபம் என்ற அவசரம் இருந்தால்தான் மனிதன் திருந்துவான் என்று சொல்கிற ஊழியர்கள் உண்டு. குடியை விட்டவர்களைக் காட்டுவார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இப்போது போனில் மாதத்துக்கொரு தேதி வருகிறது. போர் நடந்தால் ஒரு தேதி, கிரகணம் வந்தால் ஒரு தேதி. அரபு நாட்டுச் செய்தியைக் காட்டி, முஸ்லிம்கள் எதிர்பார்க்கிற மஹ்திக்கு ஒரு தேதி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பரீட்சை வரைக்கும் உலகம் இருக்குமா என்று என்னிடமே கேட்டது. நாள் குறிப்பது சோதிடர் வேலை. மனசில் இருக்கிறவனை இன்னார் என்று அடையாளம் சொல்வதுதான் குறத்தி வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டதில் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் போயிருந்தது.

தென்காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டு விட்டுப்போயிருக்கிறான். பின்னொரு காலத்தில் இந்தக் கோயிலுக்குக் கேடு வந்து, யாராவது வந்து அதைச் சரிசெய்தால், உலகறிய இப்போதே அவரைப் பணிகிறேன் என்று அதன் கருத்து. வரப்போகிறவர் யார், என்ன சாதி, எந்த வருஷம், ஒன்றும் அதில் இல்லை. கேடு வந்தது. கோபுரம் சிதைந்து மொட்டைக் கோபுரமாக வெகுகாலம் நின்றது. 1990-இல்தான் இன்றைய ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தையைக் கோபுரத்துக்கு எதிரே ஆட்டோவிலிருந்து இறக்கினேன். அந்த வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. காபி வாங்கிக் கொடுத்துக் கல்வெட்டுக் கதையைச் சொன்னேன்.

“வந்தது யாருன்னு அந்த ராசாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது அத்தை.”

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி உச்சிவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, மூத்தவள் மகளுக்கு இந்த வருஷம் நர்சிங் சீட்டு கிடைத்திருப்பதாகவும், ஃபீஸ் கட்டக் கடைசி நாள் பதினெட்டாம் தேதி என்றும் சொன்னாள்.