இதயத்தின் காதில் விழாமல்

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சும் நடையும் மந்தமாகி, எந்நேரமும் குளிரில் வாடிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே ஏற்றினார். சில மாதங்களில் அந்தப் பெண்மணி பழையபடி எழுந்து நடமாடினார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 74ஆவது வயதில்தான் இறந்தார். அவர் ஒருவருக்காகவே 870 ஆடுகளுக்கு மேல் செலவாகியிருக்கின்றன என்று மர்ரி பின்னாளில் கணக்குச் சொன்னார். ஊசிகூட வேண்டாம், சுரப்பியை லேசாக வதக்கிப் பொடியாக நறுக்கிப் பழ ஜெல்லியோடு சாப்பிட்டாலே போதும் என்று மறு ஆண்டே இன்னொரு மருத்துவர் எழுதினார். இன்று காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறோமே, அந்தத் தைராய்டு மாத்திரைக்கு மூதாதை அந்த வதக்கல்தான்.

செத்துக்கொண்டிருப்பவரை எழுப்பிய மருந்தை மற்றவர்கள் சும்மா விடுவார்களா? தைராய்டு சாப்பிட்டவர்கள் மெலிகிறார்கள் என்பது சீக்கிரமே கண்ணில் பட்டது. 1895இல் பெர்லினில் அடால்ஃப் மாக்னஸ்-லெவி, அசையாமல் படுத்திருப்பவர்களின் மூச்சை அளந்து, தைராய்டு கொடுத்தால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் கூடுகிறது என்று காட்டினார். இருந்த இடத்திலேயே கொழுப்பு எரியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? உடல் பருமனுக்குத் தைராய்டு என்ற வைத்தியம் அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. எடை குறையத்தான் செய்தது. கூடவே நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தூக்கம் போனது. கரைந்தது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். ஆனாலும் ஆசை அடங்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் 'வானவில் மாத்திரைகள்' என்று கலர் கலராக விற்றார்கள். தைராய்டு, ஆம்ஃபெட்டமின், சிறுநீரைப் பெருக்கும் மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ் எல்லாம் அந்தக் கலவையில் இருந்தன. உயிர்கள் போன பிறகு, 1968இல் செனட் சபை விசாரணை வைத்தது.

வியாபாரிகளை விடுங்கள், நல்ல நோக்கத்தோடு இறங்கியவர்களுக்கும் இதே கதிதான். தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது நல்லதுதானே? ஹார்மோனின் கண்ணாடிப் பிம்ப வடிவமான டெக்ஸ்ட்ரோதைராக்சின் இதயத்தைத் தொந்தரவு செய்யாமல் கொழுப்பை மட்டும் குறைக்கும் என்று நம்பினார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்த 8,341 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரும் சோதனையில் அதுவும் ஒரு மருந்து. கொழுப்பு குறைந்தது. ஆனால், அதைச் சாப்பிட்டவர்களிடையே சாவு கூடியது. பாதியிலேயே நிறுத்தினார்கள். 1972இல் முடிவு அச்சேறியபோது, ஹார்மோனைக் கொண்டு கொழுப்பைக் குறைக்கும் யோசனையே செத்துப்போனதாகத்தான் தோன்றியது.

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. ஹார்மோன் என்பது தண்டோரா. ரத்தம் போகும் தெருவெல்லாம் அது ஒலிக்கும். கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. தைராய்டு ஹார்மோனைக் கேட்டால் கல்லீரல் கொழுப்பை எரிக்கிறது, ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. எலும்பு கரைந்து கரைந்து புதுப்பிக்கப்படுகிறது. செய்தி ஒன்றேதான். சத்தத்தைக் கூட்டினால் எல்லோருக்கும் கூடும், குறைத்தால் எல்லோருக்கும் குறையும். இதில் கல்லீரலுக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

கேட்கிறவரைப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது. அந்தக் கேட்கும் உறுப்பைத்தான் ஏற்பி என்கிறோம். அது ஒரு புரதம். தைராய்டு ஹார்மோனின் ஏற்பி கையில் அகப்பட்டது 1986இல், அதுவும் யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் மரபணுவில் ஒரு துண்டு, கோழியிடமிருந்து எப்போதோ திருடியது. திருட்டுப்போன அந்த மரபணுவின் அசல் உடலில் என்ன வேலை செய்கிறது என்று தேடிப் போனவர்கள், கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினரும் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழுவினரும். இருவருக்கும் வந்த விடை ஒன்றே: அது தைராய்டு ஹார்மோனின் ஏற்பி. இரண்டு கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் ஒன்றாகவே வெளிவந்தன.

ஆச்சரியம் அதோடு முடியவில்லை. இரு குழுக்களும் கண்டெடுத்தவை ஒரே ஏற்பி அல்ல. மனிதரில் 17ஆவது குரோமோசோமிலிருந்து வருவது ஒன்று, 3ஆவதிலிருந்து வருவது இன்னொன்று. ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார்கள். இதயத்திலும் எலும்பிலும் பெரும்பாலும் இருப்பது ஆல்ஃபா. கல்லீரலில் பெரும்பாலும் பீட்டா.

இது வெறும் ஆய்வகக் கணக்கு இல்லை என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருந்தது. 1967இல் சாமுவேல் ரெஃபடாஃப் என்ற மருத்துவர், ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏகத்துக்கு இருந்தும் அதற்கேற்ற அறிகுறிகள் இல்லாத பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். பின்னாளில் இப்படிப் பல குடும்பங்களில் பீட்டா ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் பீட்டாவைக் கொண்டுதான் கேட்கிறது. அதற்குச் சரியாகக் கேட்காததால் இன்னும் இன்னும் என்று ஹார்மோனைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆல்ஃபாவுக்குப் பழுதில்லை. ஆகவே இவர்களில் பலருக்கு நெஞ்சு மட்டும் வேகமாக அடித்துக்கொள்கிறது. இதயமும் கல்லீரலும் வேறு வேறு காதால் கேட்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எந்த எலியும் தர முடியாது.

சரி, பீட்டாவை மட்டும் தொடும் மருந்து செய்துவிட வேண்டியதுதானே? வேதியியலாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 1995இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃப்ளெட்டரிக் குழு, ஹார்மோனைப் பிடித்திருக்கும் ஏற்பியைப் படிகமாக்கி அதன் உருவத்தை வரைந்தது. ஹார்மோன் மேலே போய் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. புரதத்தின் வயிற்றுக்குள், நாலாபுறமும் மூடிய ஒரு பையில் முழுக்கப் புதைந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஏற்பி தானே மடிகிறது. ஹார்மோன் இல்லாத நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை, டி.என்.ஏ.மீது அமர்ந்து சில மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கிறது. ஹார்மோன் உள்ளே வந்ததும் வடிவம் மாறுகிறது, அமுக்கிய கையே தூக்கிவிடும் கையாகிறது.

ஆல்ஃபாவில் 410 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 461. நீளத்தில் இத்தனை வித்தியாசம் இருக்க, ஹார்மோன் தங்கும் அந்தப் பையின் சுவரில் எத்தனை வித்தியாசம் தெரியுமா? ஒன்று. ஆல்ஃபாவில் 277ஆவது இடத்தில் செரின் இருக்கிறது. பீட்டாவில் அதற்கு நேரான 331ஆவது இடத்தில் அஸ்பராஜின். மற்றபடி இரண்டு பைகளும் அச்சு அசல் ஒன்றே. செரினுக்கும் அஸ்பராஜினுக்கும் உள்ள வேறுபாடு ஒருசில அணுக்கள். இதயத்தையும் கல்லீரலையும் பிரித்துப் பேச மருந்துக்குக் கிடைத்த இடைவெளி அவ்வளவுதான்.

அந்த இடைவெளிக்குள் புகுந்து பார்த்தவர்களில் தாமஸ் ஸ்கான்லன் முக்கியமானவர். தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3, பார்க்க ஒரு சிறு மூலக்கூறு. இரண்டு வளையங்கள், நடுவில் ஒரு பாலம், ஒரு வால், மூன்று அயோடின் அணுக்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் அந்த அயோடின்தான். ஸ்கான்லன் குழுவினர் அயோடினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை அடைக்கும் பருமனுள்ள கார்பன் கொத்துகளை வைத்தார்கள். வாலைச் சுருக்கி மாற்றினார்கள். அந்த வால்முனை போய்ச் சேரும் மூலையில்தான் செரினா அஸ்பராஜினா என்ற வித்தியாசம் இருக்கிறது. 1998இல் வெளியான அந்த மூலக்கூறு பீட்டாவையே அதிகம் விரும்பியது. எலிகளில் இதயத்தை விட்டுவைத்துக் கொலஸ்ட்ராலைக் குறைத்தது.

பிறகு சுவீடனில் கரோ பயோ என்ற நிறுவனத்தின் எப்ரோடிரோம் என்ற இதே வகை மருந்து வந்தது. 2010இல் அதன் முடிவுகள் வெளிவந்தபோது பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களிடத்தில், அதிகபட்ச அளவில் கொடுத்தபோது, கெட்ட கொலஸ்ட்ராலின் அளவு சராசரியாக 141லிருந்து 94க்கு இறங்கியிருந்தது. இதயத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2012இல் நாய்களில் நடந்த நீண்டகாலச் சோதனையில் குருத்தெலும்பு சேதமாவது தெரிந்தது. மனிதர்களிடம் கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தன. அன்றோடு அந்த மருந்தின் கதை முடிந்தது. இதயத்தைக் காப்பாற்றப் போய் மூட்டில் இடறிய கதை. மருந்து ஆராய்ச்சியில் இப்படி எதிர்பாராத திசையிலிருந்து அடி விழுவது சகஜம் என்றாலும், இதைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்மீது கொஞ்சம் இரக்கம் வரத்தான் செய்கிறது.

கடைசியில் கரை சேர்ந்தது ரெஸ்மெடிரோம். ரோஷ் நிறுவனத்தில் பிறந்து, மாட்ரிகல் என்ற சிறு நிறுவனத்தில் வளர்ந்தது. அதில் அயோடினே கிடையாது. இரண்டு அயோடினின் இடத்தில் இரண்டு குளோரின், மூன்றாவதின் இடத்தில் ஒரு கார்பன் கொத்து, பழைய வாலுக்குப் பதில் நைட்ரஜன் நிறைந்த புதிய வளையம். ஆல்ஃபாவைவிட பீட்டாவை அது சுமார் 28 மடங்கு அதிகம் விரும்புகிறது. இது போதாதென்று இரண்டாவது காவலும் உண்டு. கல்லீரல் செல்களின் வாசலில் சில பொருள்களை இனம் கண்டு உள்ளே இழுத்துவிடும் கடத்திப் புரதம் ஒன்று இருக்கிறது. ரெஸ்மெடிரோம் அதன் கண்ணுக்கு வேண்டியதாக அமைந்துவிட்டது. ஆகவே மருந்தின் பெரும்பகுதி கல்லீரலிலேயே தங்கி, பித்தத்தோடு வெளியேறுகிறது.

பயன்பட்டதோ கொலஸ்ட்ராலுக்கு அல்ல, கொழுப்புக் கல்லீரலுக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதி வந்தால் நாம் மடித்து உள்ளே வைத்துவிடுகிறோம். பெரும்பாலோருக்கு அதனால் கெடுதல் இல்லைதான். சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, கல்லீரல் இறுகிப்போகிறது. இந்த நிலைக்கென்று அமெரிக்காவில் ஒரு மருந்தும் அங்கீகாரம் பெறாமல் இருந்தது. அப்படிப்பட்ட கல்லீரலுக்குள் தைராய்டு ஹார்மோனின் வேலையும் மந்தப்பட்டிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருக்கும், உள்ளே கல்லீரலுக்கு மட்டும் பற்றாக்குறை.

ரெஸ்மெடிரோமை வைத்து 966 பேரிடம் நடந்த சோதனையில், 52 வாரங்களுக்குப் பின் கல்லீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தினம் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அழற்சி நோய் அடங்கியிருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம். தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் 26 சதவீதம், எதிர்ப்பக்கம் 14. கெட்ட கொலஸ்ட்ராலும் 16 சதவீதம் இறங்கியது. தொல்லை என்று பார்த்தால் முக்கியமாக வயிற்றுப்போக்கும் குமட்டலும். 2024 மார்ச் 14 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது.

இந்த எண்களை வைத்துத் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. பத்துப் பேரில் ஏழு பேருக்கு நோய் அடங்கவில்லை. கல்லீரல் செயலிழப்பதையும் மரணத்தையும் மருந்து தள்ளிப்போடுகிறதா என்பதற்கு நீண்டகாலச் சோதனைதான் பதில் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடும் இதே நோய்க்கு அனுமதி பெற்று, போட்டிக்கு வந்து நிற்கிறது. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் அந்த ஊசி கல்லீரலைச் சுற்றி வளைத்து அணுகுகிறது. ரெஸ்மெடிரோம் நேராகக் கல்லீரலோடு பேசுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1890களில் தைராய்டை விழுங்கியவர்கள் கேட்டதெல்லாம் ஒல்லியான உடம்பு. ரெஸ்மெடிரோம் கல்லீரலின் கொழுப்பைக் கரைக்கிறது, உடல் எடையைப் பெரிதாகத் தொடுவதில்லை.

அந்தப் பழைய ஆசையை முற்றிலும் வேறு வழியில் துரத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2016இல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, டி3யை எந்த மாற்றமும் செய்யாமல் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனின் முதுகில் கட்டி எலிகளுக்குக் கொடுத்தார்கள். குளுக்ககானின் ஏற்பி கல்லீரலில் ஏராளம். அந்த ஏற்பி குளுக்ககானை உள்ளே இழுக்கும்போது டி3யும் கூடவே போய்விடுகிறது. எலிகளின் கொலஸ்ட்ரால் குறைந்தது, கல்லீரல் கொழுப்பு கரைந்தது, எடையும் இறங்கியது, இதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதல் தெரியவில்லை. தனியாகக் கொடுத்தால் குளுக்ககான் சர்க்கரையை ஏற்றிவிடும். டி3 அதையும் ஈடுகட்டிவிட்டது. இங்கே ஆல்ஃபாவா பீட்டாவா என்ற கேள்விக்கே இடமில்லை, இதயத்தின் பக்கம் அதிகம் போகாத மூலக்கூறு எந்த ஏற்பியை விரும்பினால்தான் என்ன?