ஏக்கர் ஆயிரம் டாலர்: பாலைவன நிலத்தின் நிஜ விலை

போன மாசம் ஒரு ராத்திரி, பீனிக்ஸில் இருக்கும் நண்பன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். வடக்கு அரிசோனாவில் 5 ஏக்கர். ரொக்கமாகக் கொடுத்தால் 4,999 டாலர். இல்லையென்றால் 99 டாலர் முன்பணம், மாதம் 149 டாலர் வீதம் 60 தவணை. "நாளைக்குக் காலைல பணம் கட்டப் போறேன்டா. முதல்ல கூடாரம், அப்புறம் மெதுவா ஒரு சின்ன வீடு" என்றான். ரெண்டு நாள் பொறுடா என்று சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில் வட்டிக் கணக்கு. தவணை முடியும்போது மொத்தம் 9,039 டாலர் கட்டியிருப்பான். 4,900 டாலர் கடனுக்கு இது மாசத்துக்கு ரெண்டு வட்டிக்கும் மேல. இந்த மாதிரி ஒப்பந்தங்களில் கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்கும். நடுவில் தவறினால் கட்டின பணமும் போய், நிலமும் போகலாம்.

ஏன் இவ்வளவு மலிவு?

அமெரிக்க மேற்கின் பெரும்பகுதி, 1785-இல் தொடங்கிய முறைப்படி சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்‌ஷன், அதாவது 640 ஏக்கர். அதைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 10 ஏக்கர், 5 ஏக்கர் என்று வரும். காகிதத்தில் கோடு போட்டால் போதும். மேடு, பள்ளம், ஓடை எதுவும் கணக்கில் இல்லை.

1938-இல் வந்த சிறு நிலச் சட்டப்படி அரசு நிலத்தில் 5 ஏக்கர் வரை குத்தகைக்கு எடுத்து, ஒரு சின்ன வீடு கட்டினால் விலைக்கே வாங்கிக்கொள்ள அப்போது முடிந்தது. கலிஃபோர்னியாவில் ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒண்டர் வேலியில் அப்படிக் கட்டிய வீடுகள் பல, இன்று கதவு ஜன்னல் இல்லாமல் நிற்கின்றன. சதுரம் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீரை யார் கொடுப்பது?

பாதை

1860-களில் ரயில் கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒரு செக்‌ஷனாக நிலம் தரப்பட்டது. அதனால் வடக்கு அரிசோனா மேப் இன்றும் சதுரங்கப் பலகை மாதிரிதான் இருக்கிறது. உங்கள் கட்டத்தைச் சுற்றி வேறு யார் யாரோ கட்டம். சாட்டிலைட் படத்தில் மண் பாதை தெரிகிறது என்பதற்காக அதில் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வழி உரிமை எழுத்தில் பதிவாகி இருக்கணும். நண்பனின் நிலத்துக்குப் போகும் பாதை வேறு இரண்டு பேர் நிலத்தைக் கடந்து போனது. பதிவில் ஒன்றுமே இல்லை. விற்பவரைக் கேட்டால், "எல்லாரும் அதுலதான் போறாங்க" என்று பதில்.

தண்ணீர்

இரண்டு பேர் ரொம்பச் சிக்கனமாக நாளுக்கு 10 கேலன், அதாவது 38 லிட்டர் செலவழித்தால், மாசத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர். கடைகளில் கிடைக்கும் 275 கேலன் சதுரத் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஆயிரம் கிலோவைத் தாண்டும். சாதாரண பிக்கப் வண்டிகள் பலவற்றுக்கு அந்தப் பாரம் தாங்காது. போர் போடலாமே என்றால், பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை அரிசோனா நீர்வளத் துறையின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் பாருங்கள்.

லாரித் தண்ணீரை நம்பலாமா? ஸ்காட்ஸ்டேல் நகரத்துக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி. அரிசோனாவில் நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நிலத்தை ஆறு அல்லது அதற்கு மேல் மனையாகப் பிரித்தால், 100 வருஷத்துக்குத் தண்ணீர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஐந்தோடு நிறுத்தினால் வேண்டாம். அப்படிப் பிரித்த மனைகளில் வீடுகள் முளைத்தன. நூற்றுக்கணக்கான வீடுகள் நகரத்திலிருந்து வரும் லாரித் தண்ணீரை நம்பி இருந்தன. வறட்சியைக் காரணம் காட்டி 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்திவிட்டது. நல்ல வசதியான வீட்டில் இருந்தவர்களே மழைத் தண்ணீரைப் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்ற வேண்டியதாயிற்று. மாற்று ஏற்பாடு வரப் பல மாசம் ஆனது.

அனுமதியும் ஓடையும்

சொந்த நிலத்தில் கூடாரம் போட யாரைக் கேட்கணும்? கவுண்டியைத்தான். வருஷத்தில் இத்தனை நாள்தான் தங்கலாம் என்று பல கவுண்டிகள் வரம்பு வைத்திருக்கின்றன. வீடு என்றால் செப்டிக் தொட்டிக்கும் அனுமதி வேண்டும். அதற்கு மண் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று சோதிப்பார்கள். பாலைவனத்தில் மேல்மண்ணுக்குக் கீழே காலிச்சி என்ற சுண்ணாம்புப் பாறைப் படலம் இருந்தால் அங்கேயே சிக்கல். கோச்சீஸ் மாதிரி சில கவுண்டிகளில், 4 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் சொந்தமாகக் கட்டுபவர்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. அங்கும் செப்டிக் அனுமதி இல்லாமல் நடக்காது.

சாட்டிலைட் படத்தில் வெளிறிய மணல் கோடுகள் பின்னல் மாதிரி ஓடினால் அது காய்ந்த ஓடை. ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்கோ தூரத்தில் பெய்யும் மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக அதில் வரும்.

சரி, என்னதான் செய்வது?

இதே பாலைவனத்தில் பி.எல்.எம். என்ற மத்திய அரசுத் துறையின் நிலம் லட்சக்கணக்கான ஏக்கர் கிடக்கிறது. நம்ம ஊர் பாஷையில் புறம்போக்குன்னு வச்சுக்கலாம். தடை இல்லாத இடங்களில், பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை காசே கொடுக்காமல் தங்கலாம். வாங்க நினைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வாரம் தங்கிப் பாருங்கள், முடிந்தால் கோடையில்.

நண்பன் நாலு ராத்திரி தங்கினான். இரண்டாவது ராத்திரி காற்றில் கூடாரக் கம்பி வளைந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் தீர்ந்து 40 மைல் ஓட்டினான். ஆசை இன்னும் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் புது விளம்பரம் அனுப்பும்போது விலையோடு கிணற்று ஆழத்தையும் வழி உரிமைப் பதிவு எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறான்.