பாரத்தைக் குறைத்தேன்... பயணம் முடித்தேன்!



எனக்கு வயது 46. பிளஸ் 1 படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். என்னிடமும் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று உண்டு. 'அம்மா, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு சைக்கிள்லயே போவோமா?' என்றாள். 'பொம்பளைங்க சைக்கிள்ல ஊர் தாண்டுறதா?' என்றார், என் மாமியார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சித்திரை வெயிலில் கிளம்பினேன்.

ஆளுக்கு நாலு செட் துணி, போர்வை, அரியலூர் நாத்தனாருக்கு முறுக்கு டின், தூக்குவாளியில் புளியோதரை... பாதியை ஹேண்டில்பாரில் தொங்க விட்டோம். சமைத்து முடித்து பெரம்பலூரில் இருந்து புறப்படவே காலை 9 மணி. 'சாப்பாட்டு நேரத்துக்குள்ள போயிடணும்' என்று மகளை விரட்டினேன். பாதி வழியில், 'தலை சுத்துதும்மா' என்று சாலையோரம் சரிந்து விட்டாள். டீக்கடை அம்மா ஒருவர் நிழலில் படுக்க வைத்து, உப்பு போட்ட மோர் கொடுத்தார். லோடு ஆட்டோவில் வீடு திரும்பினோம். என் வீம்புக்காக பிள்ளையை அல்லவா வதைத்து விட்டேன்!

புதுக்கோட்டை சித்தியிடம் போனில் அழுதேன். 1990களின் துவக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் மூலம் அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். சித்தியும் அவர்களில் ஒருத்தி. 'தண்ணிக்குடம் கட்டி ஓட்டினவடி நான். பாரம் பின்னாடி, தாழ்வா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். பேசிக்கிட்டே மிதிக்க முடியுதா பாரு. அதுதான் உன் வேகம்' என்றார்.

தை மாதம் மறுபடி கிளம்பினோம். உடுத்தியது போக ஆளுக்கு ஒரு செட் சுடிதார். அதை இரவில் துவைத்துக் காய வைத்தோம். துண்டு, நாப்கின், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், உப்பு - சர்க்கரை, கடலை மிட்டாய், பஞ்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்ப், ஸ்பேனர்... அவ்வளவுதான். பழைய டியூபைக் கிழித்து கேரியரில் இறுக்கிக் கட்டினோம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்து கொண்டோம். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

விடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிறுத்தினோம். மகள் முன்னே, நான் பின்னே. மெதுவாகப் போகிறவர் வேகம்தான் இருவருக்கும். மணிக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு. தாகம் எடுக்கும் முன்பே இரண்டு வாய் தண்ணீர். சுண்ணாம்புக்கல் லாரி வந்தால் ஓரமாக நின்று விட்டோம். முதல் நாள் அரியலூர். மறுநாள் ஜெயங்கொண்டம் தாண்டி, ராஜேந்திர சோழன் கட்டிய கோவில் விமானத்தைக் கண்டதும் இருவருக்கும் கண் கலங்கியது.

திரும்பி வந்த அன்று இரவு, மாமியார் ஒன்றும் பேசவில்லை. தைலத்தை எடுத்து வந்து பேத்தியின் காலில் தேய்த்து விட்டார்.

தோழியரே, முதலில் பக்கத்து ஊர் வரை போய்ப் பாருங்கள். ஊர் வாயை அடைக்க அல்ல. உங்கள் சந்தோஷத்துக்காக மிதியுங்கள்!

- ஒரு வாசகி, பெரம்பலூர்.