எலும்புக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். லாரி ஓட்டிய கணவர் இறந்த பிறகுதான், தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது. பல வருஷமாக க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, நம்மைப் போலவே நன்றாக இருக்கிறார். அக்கம்பக்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் தோட்டத்தில் வழுக்கி, கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது! "அந்த மாத்திரைதான் எலும்பை அரிக்குது" என்று யாரோ சொல்ல, மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார். சோறு கொடுக்கப் போன எனக்குப் பகீரென்றது. மறுநாளே பஸ் ஏற்றி அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "டெனோஃபோவிர்ங்கிற மருந்து எலும்பைக் கொஞ்சம் குறைக்கத்தாம்மா செய்யும். பெரும்பாலும் முதல் ஒண்ணு, ரெண்டு வருஷம்தான். அப்புறம் அநேகமா நிதானமாயிடும். கிருமியும் எலும்பைத் தேய்க்கும். மாதவிலக்கு நின்னா இன்னும் தேயும். அதுக்காக நீங்களா நிறுத்தினா, கிருமி மறுபடி பெருகி, மருந்துக்கே கட்டுப்படாமப் போயிடும்!" மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று பார்க்க, சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. கடையில் வாங்கிய கால்சியம் மாத்திரையை அக்கா வெறும் வயிற்றில் இதோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். அப்படிச் செய்தால், இதிலுள்ள டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராதாம். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். இல்லாவிட்டால் இதைப் போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் கால்சியம்.

இப்போது அக்கா வீட்டில் தினம் கேப்பைக் கூழும் மோரும்தான். 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறதே! ஏலத்தோட்டம் முழுக்க நிழல் என்பதால், லீவு நாளில் வெயிலில் உட்காருகிறார். வழுக்காத செருப்பும் வாங்கியாச்சு. அரிசிப் பானைக்குள் போன டப்பா, சாமி படத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சகோதரிகளே, 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் மருந்து இது. யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள். 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம், காசு கிடையாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படிப் பயந்து கிடந்தால், கூடப்போக ஒரு துணை வேண்டும். அந்தத் துணையாக நாம் இருக்கலாமே!

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்.