அகில்: நோயில் விளையும் வாசனை

திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது மரக்காணம். இன்று உப்பளங்களால் அறியப்படும் இந்த ஊர்தான் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ‘கிடங்கில்’ என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. கடல் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், தூங்கும் ஒட்டகங்களைப் போல எயிற்பட்டினத்துக் கரையில் கிடந்ததாக அந்நூலின் புலவர் நல்லூர் நத்தத்தனார் பாடுகிறார். நுளையர் வீட்டுப் பெண் அந்த விறகில்தான் தீ மூட்டித் தேறல் அரிக்கிறாள். அது அகில் மரம் என்பது உரைகாரர் கொள்கை. இன்று அரபு நாட்டு வாசனைக் கடைகளில் ‘ஊது’ என்று கிராம் கணக்கில் விற்கப்படுவதும் அகில்தான்.

ஊது தரும் முக்கிய மரத்தின் அறிவியல் பெயர் அக்விலேரியா மலாக்கென்சிஸ். அசாம், திரிபுரா, வங்கதேசம் தொடங்கி மலேசியா, இந்தோனேசியா வரை வளர்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள வெள்ளகில் வேப்பங்குடும்பத்து மரம். இரண்டுக்கும் உறவில்லை.

நல்ல ஆரோக்கியமான அகில் மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய, எடை குறைந்த கட்டைதான் இருக்கும். வாசனை துளியும் இராது. அசாமில் ஜூசெரா கன்ஃபெர்ட்டா என்ற அந்துப்பூச்சியின் புழு தண்டைத் துளைக்கிறது. அந்தத் துளை வழியே பூஞ்சைகள் நுழைகின்றன. நம் காயத்தில் பொருக்குத் தட்டுவதுபோல மரம் அந்த இடத்தில் பிசினைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. செஸ்குவிடெர்பீன்கள், குரோமோன்கள் என்னும் வேதிப்பொருள்கள் அதில் சேரச் சேரக் கட்டை கறுத்துக் கனக்கிறது. இது முதிர ஆண்டுகள் பிடிக்கும். காயம் படாத மரத்தில் பிசின் இல்லை.

வெட்டிய மரத்தைத் தொழிலாளர்கள் சிற்றுளியால் செதுக்குகிறார்கள். வெள்ளைப் பகுதியைச் சீவிச் சீவித் தள்ளி, கறுப்பு ரேகை ஓடும் பகுதியை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். முதல்தரத் துண்டுகள் கரியில் இட்டுப் புகைக்கப் போகும். தரம் குறைந்தவற்றைத் தூளாக்கி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்தால் அகில் எண்ணெய் கிடைக்கும். இத்தொழிலுக்குப் பெயர்போன ஊர் அசாமின் ஹோஜாய். 2002-இல் ஈவ் சான் லோரான் நிறுவனம் ‘எம்7’ என்ற வாசனைத் திரவியத்தில் ஊது மணத்தை முன்னிறுத்திய பிறகு மேலைநாடுகளிலும் இதற்கு மவுசு கூடியது. விலை மலிந்த புட்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை மணம்.

பிசின் நன்றாக ஏறிய அகில் தண்ணீரில் மூழ்கிவிடும். தரம் பார்க்க வியாபாரிகள் கையாளும் பழைய சோதனையும் இதுதான். அப்படியானால் மரக்காணக் கரைக்கு மிதந்து வந்தவை பிசின் குறைந்த கட்டைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் அவற்றை அடுப்பில் எரித்ததில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை!

எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறது என்பது வெளியே தெரியாததால், காடுகளில் கண்ட மரத்தையெல்லாம் வெட்டினார்கள். இனம் அருகியது. 1995-இல் சைட்டிஸ் உடன்படிக்கை இதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. முறையான அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. இப்போது தோட்டமாக வளர்த்து, தண்டில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசினை வரவழைக்கிறார்கள்.

சவுக்கு வைத்துச் சில ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கும் விழுப்புரம் மாவட்டத்து விவசாயி இங்கேதான் யோசிக்க வேண்டும். அகில் மழை மிகுந்த, ஈரமான நிலத்து மரம். இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர்தான். மரம் தழைத்துவிட்டாலும் பணம் மரத்தில் இல்லை, அதற்கு வரும் நோயில் இருக்கிறது. ஆகவே கோடி வரும் என்று யாராவது நாற்றை நீட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பூஞ்சை ஏற்றுவது யார், அது பலிக்காவிட்டால் நட்டம் யாருக்கு, வாங்குபவர் யார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் குழி தோண்டாதீர்கள்.